ஓம் பார்த்து ஒயர் இணைப்போம்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கார் சாமான் கடைகள் பல உள்ளன. பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் அங்கே கிடைக்கும். 'தும் தும்' என்று அதிரும் பெரிய ஸ்பீக்கரின் பெயர் சப்வூஃபர்.

சப்வூஃபரின் பின்புறம் பாருங்கள். 2, 4 என ஓர் எண் இருக்கும். பக்கத்தில் குதிரை லாடம் போல ஒரு குறி இருக்கும். அதுதான் ஓம். மின்சாரத்துக்கு உள்ள தடையின் அளவு அது. ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் ஜார்ஜ் ஓம். 1827-இல் இந்தக் கணக்கை நூலாக வெளியிட்டார். அவர் பெயரே அளவுக்கும் வந்தது.

குழாய் குறுகினால் தண்ணீர் குறையும். அகன்றால் கூடும். அதுபோல, ஓம் கூடினால் மின்சாரம் குறையும். ஓம் குறைந்தால் மின்சாரம் கூடும்.

4 ஓம் சப்வூஃபர் இரண்டு உள்ளன. ஒன்றின் மைனஸை மற்றதன் பிளஸ்ஸில் இணைத்து, மீதி இரு முனைகளை ஆம்ப்ளிஃபயரில் கொடுக்கலாம். இது தொடர் இணைப்பு. 4 + 4 = 8 ஓம்.

இரண்டு பிளஸ்ஸையும் ஒன்றாகவும், இரண்டு மைனஸையும் ஒன்றாகவும் சேர்க்கலாம். இது பக்க இணைப்பு. மின்சாரத்துக்கு இரண்டு வழி. தடை பாதி. அதாவது 2 ஓம்.

2 ஓமில் சத்தம் கூடும். ஆனால் ஆம்ப்ளிஃபயரில் 'குறைந்தது 4 ஓம்' என்று இருந்தால் ஆபத்து. மின்சாரம் அளவுக்கு மேல் பாயும். ஆம்ப்ளிஃபயர் சூடேறி நின்றுவிடும்; கருகியும் போகலாம். பல நாள் கூலி புகையாகும்.

பேட்டரிக்குப் பக்கத்தில் பியூஸ் கட்டாயம் போடுங்கள். பியூஸ் இல்லாத ஒயர் தேய்ந்து காரின் இரும்பைத் தொட்டால் தீப்பிடிக்கலாம்.

கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள். எழுதியிருப்பதையும் படியுங்கள்.

விடை சொல்லுங்கள்:
1. இரண்டு 2 ஓம் சப்வூஃபர்களைத் தொடராக இணைத்தால் எத்தனை ஓம்?
2. பக்கமாக இணைத்தால் எத்தனை ஓம்?