சிலிண்டரைக் கடையாதீர்

பெரிய மரங்களை அறுக்கும் பழைய சங்கிலி ரம்பம் ஒன்று இழுவை குறைந்து பட்டறைக்கு வரும்போதெல்லாம், அதைத் தோளிலிருந்து இறக்கி வைப்பதற்கு முன்பே கொண்டுவந்தவர் சொல்லும் வாக்கியம் ஒன்றுண்டு: "சிலிண்டர் தேஞ்சு போச்சுங்க, ரீபோர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுடலாம்." வருஷக் கணக்காக இதைக் கேட்டுக் கேட்டு என் பொறுமை அற்றுவிட்டது. இரும்பு லைனர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு நியாயமாகச் செய்யும் சிகிச்சையை, அலுமினியத்தில் வார்த்து உட்சுவரில் மாத்திரம் கடினக் குரோமியம் பூசிய யந்திரத்துக்குச் செய்யத் துணிவது அதைக் கொல்வதற்கே ஒப்பாகும்.

ஸ்டில் 070 ரம்பத்தை எடுத்துக்கொள்வோம். 58 மில்லிமீட்டர் விட்டமும் 40 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட அந்த 106 சி.சி. யந்திரத்தில் பிஸ்டனும் அலுமினியம், சுவரும் அலுமினியம். இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளாமல் இடையில் நின்று காப்பது அந்தக் குரோமியப் பூச்சு ஒன்றே. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பாகத்துக்கும் உட்பட்டது. ரீபோரின் முதற்படி 0.25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், சுவர் ஒவ்வொரு பக்கத்திலும் 0.125 மில்லிமீட்டர் இழக்கிறது. பூச்சு முழுவதும் சீவலோடு சீவலாகப் போய்விட, எஞ்சிய வெற்று அலுமினியத்தின்மேல் பிஸ்டன் எத்தனை நேரம் ஓடும்? சூடேறியதும் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். லைனர் இறக்கலாமே என்பார்க்கும் ஒரு வார்த்தை: ஹெட்டும் சிலிண்டரும் ஒரே வார்ப்பாய், மேற்புறம் மூடிக் கிடக்கும் இவ்வகைச் சிலிண்டரில் கடைசல் கருவி மறுபுறம் வெளிவர வழியே கிடையாது.

இத்தனைக்கும், தேய்ந்ததென்று என்னிடம் வந்த சிலிண்டர்களிற் பல தேயவே இல்லை. பிஸ்டனிலிருந்து உருகி இழுபட்ட அலுமினியம் குரோமியத்தின்மேல் கோடுகோடாக அப்பியிருப்பதையே தேய்மானமென்று மயங்குகிறார்கள். காஸ்டிக் சோடாக் கரைசலில் நனைத்த பஞ்சை அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பாருங்கள். அலுமினியம் நுரைத்துக் கரையும், குரோமியத்தைக் காஸ்டிக் தீண்டாது. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிந்து, போர்ட்டுகளின் வெற்று விளிம்பில் படாமல் காத்து, நுரை அடங்கும்வரை துடைத்துத் துடைத்து வைத்துப் பின்பு நீரால் நன்றாய்க் கழுவினால், நகத்துக்குத் தட்டுப்படாத பளபளப்பான பழைய சுவர் வெளிப்படுவதுண்டு. அதற்குப் பழைய அளவிலேயே புதிய பிஸ்டனும் ரிங்கும் போதும். எவ்வளவு துடைத்தும் நுரை ஓயவில்லையென்றால் பூச்சே பெயர்ந்துவிட்டதென்று அர்த்தம். மறுபூச்சு, அல்லது வேறு சிலிண்டர்; மூன்றாவது உபாயம் இல்லை.

கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொல்வது விபரீதமான ஆலோசனை. 1967-ல் மாலே கம்பெனி உண்டாக்கிய நிக்கசில் பூச்சு கொண்ட சிலிண்டர்களில் சிலர் கையாளும் அவ்வழக்கத்தைக் குரோமியத்துக்குக் கொண்டுவந்தால், அந்த அமிலம் குரோமியத்தையே கரைத்துவிடும். பெட்ரோலில் ஆயிலைக் கூட்டினால் தேய்மானம் ஈடாகும் என்பதும் வீண்பேச்சு. புகையும் கரியும் கூடும், போன இழுவை திரும்பாது.

இவற்றையெல்லாம்விட என் மனத்தை உறுத்துவது வேறொன்று. பிஸ்டன் ஏன் உருகியது என்று ஒருவரும் கேட்பதில்லை! கிராங்கின் இரு புறத்திலும் உள்ள ஆயில் சீல்கள் வயதேறி இறுகிப் போனால், அவ்வழியே திருட்டுக் காற்று நுழைந்து, பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் விகிதத்திற் குறைந்து, பிஸ்டன் வறண்டு வேகிறது. சொற்ப விலையுள்ள அந்த இரண்டு ரப்பர் வளையங்களை மாற்றாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சிலிண்டர் வாங்கிப் பூட்டுகிறவர்கள், சில வாரங்களில் அதே கோடுகளோடு திரும்பி வந்து உதிரிப்பாகத்தின் தரத்தைக் குறை சொல்லுகிறார்கள். சீல்களை மாற்றுங்கள்; எல்லாம் பூட்டி முடித்தபின் கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்து, கைப்பம்பினால் 0.5 பார் அழுத்தம் ஏற்றி, மீட்டரின் முள் 20 விநாடியாவது அசையாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே ஸ்டார்ட்டர் கயிற்றில் கை வையுங்கள்.