செவிலியர் தொப்பியில் ஓர் இயற்பியல் கணக்கு

தஞ்சை வயல்களில் நாற்று நடும் பெண்கள் தலையில் பருத்தித் துண்டைச் சுற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். துண்டு வியர்வையை உறிஞ்சிப் பரப்புகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. தலை குளிர்வது அதனால்தான்.

தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனை போன்ற இடங்களில், அறுவை அரங்கிலுள்ள செவிலியருக்கு வேறொரு கவலையும் உண்டு. முடியிலும் தலைத்தோலிலும் வாழும் பாக்டீரியாக்கள் நோயாளியின் புண்ணில் விழலாகாது. ஆகவே முடி முழுவதும் மூடப்பட வேண்டும். அணிந்ததும் எறிந்துவிடும் மெல்லிய தொப்பிகள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் இழையாலானவை. அவ்விழை நீரை உறிஞ்சாது. பருத்தியோ காற்றின் ஈரத்திலிருந்தே தன் எடையில் சுமார் 8 விழுக்காடு நீரை ஏற்கும்.

விளிம்பிலுள்ள ரப்பர் நாடாவையும் கவனியுங்கள். இழுவிசை 1 நியூட்டன், தலையின் ஆரம் 9 செ.மீ., நாடாவின் அகலம் அரை செ.மீ. எனக் கொள்வோம். இழுவிசையை ஆரம், அகலம் இவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும்: சுமார் 2,220 பாஸ்கல். அகலத்தை 2 செ.மீ. ஆக்குங்கள், 555 பாஸ்கல்தான்! நெற்றியில் தழும்பும் தலைவலியும் குறைய இதுவே வழி. (தொப்பியை வாங்குபவர் பெரும்பாலும் அதை அணிபவர் அல்லர்.)

கொண்டையை இறுக்கி முடிந்தால் வேர்கள் நாள்தோறும் இழுபட்டு நெற்றியோர முடி உதிரும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் மீண்டும் முளைக்காமலே போகலாம். எனவே தளர்ந்த கொண்டைக்கு இடம்விட்டு, பின்புறம் அகல நாடாவால் கட்டும் நெருக்க நெசவுப் பருத்தித் தொப்பியே என் தேர்வு. பணி முடிந்ததும் அதை வெந்நீரில் வெளுத்தாக வேண்டும். ஐப்பசி மழையில் அது உலர்வதுதான் பாடு!