வெட்டிய இலையில் முளைக்கும் செடி: ரணகள்ளியை அறிவோம், அளவோடு வளர்ப்போம்

நிலத்தை விட்டு வந்த குடும்பங்களுக்கு விதை, நாற்று, தண்ணீர் மூன்றுமே சிக்கல். கிணறு பிறருடையதாக இருக்கும். முற்றம் நாலு பாய் விரிக்கும் அளவாக இருக்கும். அத்தகைய இடத்திலும் ஓர் இலையிலிருந்து வளரக்கூடிய ரணகள்ளியை இப்பாடத்தில் நாம் பார்ப்போம். "கட்டிப்போட்டால் குட்டிபோடும்" என்ற பெயரும் இதற்கு உண்டு. சிங்களத்தில் அக்கபான என்பர். தாவரவியற் பெயர் கலஞ்சோ பின்னாட்டா. இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. கல்லிடுக்கிலும் வறண்ட நிலத்திலும் வாழும் சதைப்பற்றுச் செடிகள் நிறைந்த கிராசுலேசியே குடும்பத்தைச் சேர்ந்தது.

1. இனங்காணல்

செடி இடுப்பளவு அல்லது அதற்குச் சற்று மேல் உயரும். தண்டின் உள்ளே வெறுமை. இலை தடிப்பானது, சாறு நிறைந்தது. ஓரம் வளைவு வளைவாக வெட்டியதுபோல் இருக்கும். பெரும்பாலும் ஊதா கலந்த சிவப்புக் கோடும் தெரியும். அடியிலைகள் தனி இலைகள். மேலே மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலைகளைக் காணலாம். பூக்கள் சிறு கூண்டு விளக்குகள்போல் கீழ்நோக்கித் தொங்கும்.

பெயரில் "கள்ளி" இருப்பதால் சதுரக்கள்ளி, திருகுகள்ளி என்பவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இலையை ஒடித்துப் பாருங்கள். பால் வடிந்தால் அது ரணகள்ளி அன்று. கள்ளிப்பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. உடனே நிறைய நல்ல தண்ணீரால் கழுவி, வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

2. வறட்சியைத் தாங்குவது எப்படி?

பெரும்பாலான பயிர்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை எடுக்கின்றன. அப்போது நீரும் ஆவியாகிப் போகிறது. ரணகள்ளி இரவிலேயே திறக்கிறது. எடுத்த கரியமிலவாயுவைப் புளிப்பு அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு உணவு தயாரிக்கிறது. சென்னை அரசாங்கத்தில் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன், இவ்விலை காலையில் புளிப்பதையும், நண்பகலில் சுவையற்றுப் போவதையும் 1813ஆம் ஆண்டு கடிதமொன்றில் எழுதினார். அவர் செய்ததுபோல் நாம் சுவைத்துப் பார்க்க வேண்டியதில்லை. காரணம் பின்னர் வரும்.

3. வளர்க்கும் முறை

முற்றிய, பழுதில்லாத இலையொன்றைப் பறித்து ஒருநாள் நிழலில் வையுங்கள். பழைய பேணியொன்றின் அடியில் துளையிட்டு, இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு மண், ஒரு பங்கு மக்கிய எரு கலந்து நிரப்புங்கள். இலையை மண்ணுக்குள் புதைக்காமல் மேலே படுக்க வைத்து, சிறு கல்லொன்றால் அழுத்துங்கள். ஈரம் இலேசாக இருந்தாற் போதும். ஓரிரு வாரங்களில் ஓரத்து வளைவுகளில் வேரும், பின்னர் குட்டிச் செடியும் தோன்றும். இரண்டு மூன்று சோடி இலை வந்ததும் பிரித்து நடலாம்.

மேல்மண் காய்ந்த பின்பே தண்ணீர் விடுங்கள். மாரியில் பேணியைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவாருங்கள். இச்செடி வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம். வெள்ளைப் பஞ்சுபோல் மாவுப்பூச்சி ஒட்டினால் சவர்க்காரத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள்.

4. கட்டாயம் கவனிக்க வேண்டியவை

ஆடு மாடு உள்ள வீட்டார் இதை நன்றாக மனத்திற் கொள்ள வேண்டும். இச்செடியில் இருதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. பூவில் அது கூடுதல். 1997இல் அவுஸ்திரேலியாவின் மொரீ நகருக்கு அருகே, இதன் நெருங்கிய இனமொன்றைத் தின்ற 125 மாடுகள் இறந்தன. ஒரேயொரு பசுவை நம்பிப் பாலும் பணமும் காணும் குடும்பத்துக்கு ஒரு பசுவின் இழப்பே பேரிழப்பு. கோடையில் புல் அற்றபோது பசியுள்ள விலங்கு எதையும் கடிக்கும். ஆகவே செடியை எட்டாத உயரத்தில் வையுங்கள். விலங்கு தீனியை மறுத்து, கழிந்து, சோர்ந்து நின்றால் அதை நடத்திச் செல்லாமல் நிழலில் நிறுத்திவிட்டு, கால்நடை வைத்தியரை அழையுங்கள்.

கட்டி, வீக்கத்துக்கு இலையை வாட்டிக் கட்டும் வழக்கம் உண்டு. ஆனால் சிறுநீரகக் கல்லுக்கென்று சாற்றைக் குடிப்பது ஆபத்து. அது கல்லைக் கரைக்கும் என்பது நிறுவப்படவில்லை.

கழித்த இலைகளை வயலிலோ காட்டிலோ எறியாதீர்கள். விழுந்த ஒவ்வோர் இலையும் செடியாகும். கலாபகசுத் தீவுகளில் இது உள்ளூர்ச் செடிகளை நெருக்கும் களையாகிவிட்டது. வெயிலில் நன்றாகக் காயவைத்து எரித்துவிடுங்கள்.

குழுவில் கலந்துரையாட

அ. நம் வளவில் "கள்ளி" என்ற பெயருள்ள செடிகள் எவை? அவற்றுள் பால் வடிவன எவை?
ஆ. ஆடு மாடு எட்டாதபடி இச்செடியை எங்கே வைக்கலாம்?
இ. நாளை நாம் சொந்த வளவுக்குத் திரும்பும்போது, எந்தச் செடிகளை இலையாக, எவற்றை விதையாக, எவற்றைக் கதியாலாகக் கொண்டுபோகலாம்? இன்றே ஒரு பட்டியல் எழுதி வையுங்கள்.