அடா மொழியில் பொதிகளின் தொடக்க ஒழுங்கு
(செய்நிரலாக்கம் – மேலதிக வாசிப்பு)

அறிமுகம்
அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் தேவைக்காக உருவாக்கப்பட்டு, 1983 இல் நியமமாக்கப்பட்ட செய்நிரலாக்க மொழி அடா ஆகும். இது அடா லவ்லேஸ் அம்மையாரின் (1815–1852) பெயரைத் தாங்கியுள்ளது. பஸ்கால் கற்றவர்களுக்கு இதன் அமைப்பு இலகுவில் விளங்கும்.

1. பொதி
அடாவில் பெரிய செய்நிரல்கள் பொதிகளாகப் பிரித்து எழுதப்படும். பொதிக்குப் பெரும்பாலும் இரு பகுதிகள் உண்டு.
(அ) அறிவிப்புப் பகுதி – பொதியில் என்னென்ன உள்ளன எனக் கூறும்.
(ஆ) உடற்பகுதி – அவை எவ்வாறு செய்யப்படும் எனக் கூறும்.
பிரதான செய்நிரல் தொடங்கு முன்னர் இப்பகுதிகள் ஒவ்வொன்றாக ஆயத்தமாக்கப்படும். மாறிகளுக்குத் தொடக்கப் பெறுமானம் கிடைப்பதும் அப்போதே. இச்செயல் எலபொரேஷன் எனப்படும்.

2. பிரச்சினை
"விகிதம்" என்னும் பொதியில் "பெறு" என்ற சார்பு உண்டு எனக் கொள்வோம். "மொத்தம்" என்னும் பொதியின் அறிவிப்புப் பகுதியில் பின்வரும் கூற்று உள்ளது.

தொகை : இன்டிஜர் := விகிதம்.பெறு;

மொத்தத்தின் தலைப்பில் "வித் விகிதம்;" என எழுதியிருப்பதால், விகிதத்தின் அறிவிப்பு முதலில் ஆயத்தமாகும். ஆனால் அதன் உடற்பகுதி பற்றி "வித்" எவ்வித உறுதியும் தராது. எனவே பின்வரும் இரு ஒழுங்குகளும் விதிக்கு அமைவானவையே.

ஒழுங்கு 1: விகிதம் அறிவிப்பு → விகிதம் உடல் → மொத்தம் அறிவிப்பு
விளைவு: சரியாக இயங்கும்.

ஒழுங்கு 2: விகிதம் அறிவிப்பு → மொத்தம் அறிவிப்பு → விகிதம் உடல்
விளைவு: உடல் ஆயத்தமாகு முன் சார்பு அழைக்கப்படுவதால் "புரோகிராம்_எரர்" எழும். பிரதான செய்நிரல் தொடங்காது.

ஆகவே ஒரு தொகுப்பானில் நன்றாக ஓடிய செய்நிரல், ஓர் எழுத்தும் மாற்றப்படாமலே இன்னொன்றில் நின்றுவிடலாம். ஒருமுறை ஓடியது என்பதற்காகச் செய்நிரல் சரியானது என முடிவு செய்யாதீர்கள்.

3. தீர்வு
1995 ஆம் ஆண்டு நியமத்தில் வந்த இரு கட்டளைகள்:
• பிரக்மா எலபொரேட்_ஓல்(விகிதம்); – மொத்தத்தின் தலைப்பில் எழுதப்படும். விகிதத்தின் உடலும், விகிதம் தங்கியிருக்கும் பொதிகளின் உடல்களும் முன்னதாகவே ஆயத்தமாகும்.
• பிரக்மா எலபொரேட்_பொடி; – விகிதத்தின் அறிவிப்பில் எழுதப்படும். அறிவிப்பை அடுத்து உடனேயே உடலும் ஆயத்தமாகும்.

கவனிக்க: விகிதத்தின் உடலும் மொத்தத்தை "வித்" செய்தால், ஒன்றுக்கு மற்றது முந்த வேண்டிய வட்டம் உண்டாகும். அப்போது இக்கட்டளைகளுக்கு அமைவான ஒழுங்கே இல்லாததால் செய்நிரல் இயங்கு முன்னரே நிராகரிக்கப்படும். இரண்டுக்கும் பொதுவானதை மூன்றாவது பொதிக்கு மாற்றுவதே வழி.

மாதிரி வினா
"வித்" மட்டும் போதாமைக்குக் காரணம் யாது?
விடை: அது அறிவிப்புப் பகுதி முந்துவதை மட்டுமே உறுதிசெய்யும்; உடற்பகுதி முந்துவதை உறுதிசெய்யாது.