சுருட்டுப் பெட்டிக்கு ஓர் ஈரப்பதக் காவலன்

தலைப்பைப் பார்த்துவிட்டு "என்னடா இது, சங்க மலர்ல சுருட்டு?" என்று சிரிக்காதீர்கள். நான் புகைப்பவன் அல்ல. என் மாமா உறையூரில் சுருட்டு சுற்றுபவர். 1887-இல் வெளியான முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே திருச்சிச் சுருட்டின் சாம்பல் ஒரு தடயமாக வருகிறது. அவ்வளவு பழைய பெயர் நம் ஊர்ச் சரக்குக்கு!

சித்திரை வெயிலில் சுருட்டு காய்ந்து, தொட்டாலே மேல் இலை வெடிக்கும். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும். 65 முதல் 70 சதவீதம் சார்பு ஈரப்பதம் இருந்தால் இரண்டு தொல்லையும் இல்லை. அதை ஒரு மரப்பெட்டிக்குள் நிலையாக வைக்க, இறுதியாண்டு புராஜெக்டாக நானும் என் அறைத் தோழனும் ஒரு கருவி செய்தோம். முதல் தடவை தோற்றோம்.

சர்க்யூட் ஒன்றும் பெரிய விஷயமில்லை. டிஎச்டி 11 சென்சார், ஒரு ஆர்டுயினோ நானோ, கம்ப்யூட்டரில் வரும் சின்ன 12 வோல்ட் ஃபேன், காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சு. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு பஞ்சை அடைத்துவிடும். ஈரம் குறைந்தால் ஃபேன் ஓடிப் பஞ்சின் மேல் காற்றை அனுப்பும், அவ்வளவுதான். ஃபேனை ஓட்ட கையில் இருந்த பிசி 547-ஐப் போட்டோம். அதன் எல்லையே 100 மில்லி ஆம்பியர். ஃபேனும் கிட்டத்தட்ட அவ்வளவு கேட்கும். தொட்டால் சுட்டது. பிறகு 2என்2222, பேஸுக்கு 470 ஓம், ஃபேனுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு. டையோடை மறந்துவிடாதீர்கள்.

டிஸ்ப்ளேயில் 66 என்று நின்றது. எங்களுக்கோ ஒரே குஷி. மாமாவின் சுருட்டுகளை அடுக்கிப் பூட்டினோம். மூன்றாவது வாரம் திறந்தால், பாதிக்கு மேல் வெள்ளைப் பூஞ்சை! மாமா திட்டவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கெட்டதை ஒதுக்கியபடி, "விடு மாப்ளே, உன் மெஷினுக்கு மூக்கு அடைச்சிருக்கு போல" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அவர் சொன்னதுதான் சரி. மூக்கைச் சோதிக்க லேப் கருவி எதுவும் தேவையில்லை, சமையல் உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பிச் சில சொட்டு நீர் விடுங்கள். உப்பு கரையக் கூடாது, ஈர மணல் மாதிரி இருக்க வேண்டும். அதையும் சென்சாரையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு வந்து நிற்கும். நம் அறை வெப்பநிலையில் அந்த எண் பெரிதாக மாறாது. எங்கள் சென்சார் காட்டியது 66. அதாவது 66 என்று நாங்கள் மகிழ்ந்தபோது பெட்டியில் உண்மையில் 75! டிஎச்டி 11-க்கு 5 சதவீதப் பிழை சகஜம். எங்களுடையது அதையும் தாண்டியது. இப்போது எஸ்எச்டி 31 போட்டிருக்கிறோம். அதையும் உப்பில் பார்த்த பிறகுதான் பெட்டியில் வைத்தோம்.

அடுத்தது ஒரு கணக்கு. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவி தாங்கும். எங்கள் பெட்டி 40 லிட்டர். ஈரப்பதத்தை 60-லிருந்து 70-க்கு ஏற்ற, உள்ளிருக்கும் காற்றுக்கு வேண்டியது 0.12 கிராம் நீர். இரண்டு மூன்று சொட்டு! ஃபேன் நிமிடக்கணக்கில் ஓடினால் எண் தாவிவிடும். பிறகு மரமும் புகையிலையும் அந்த ஈரத்தைக் குடிக்க, எண் மறுபடி இறங்கும். உண்மையான நீர்த்தேக்கம் அவைதான். காற்று வெறும் வழிப்போக்கன். ஆகவே 65-க்குக் கீழே போனால் ஃபேன் 30 விநாடி ஓடி, 5 நிமிடம் காத்திருந்து, மறுபடி பார்க்கும். 68-ஐத் தொட்டால் நிற்கும். இந்த 3 சதவீத இடைவெளி இல்லாவிட்டால் ஃபேன் ஓயாமல் விக்கிக்கொண்டே இருக்கும். பஞ்சை ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடைத்தோம். திறந்து கிடந்தால் ஃபேன் நின்ற பிறகும் ஈரம் கசியும்.

ஒரு குறை பாக்கி. எங்கள் கருவிக்கு ஈரத்தைக் கூட்டத்தான் தெரியும், குறைக்கத் தெரியாது. 30 டிகிரியில் 65 சதவீதம் இருக்கும் காற்றை மட்டும் 25 டிகிரிக்குக் குளிர வைத்தால், ஒரு சொட்டு நீர் சேராமலே 85-ஐத் தாண்டும். மரமும் புகையிலையும் கொஞ்சம் இழுத்துக்கொள்வதால் பெட்டியில் அவ்வளவு ஏறாது. ஆனால் மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரம் என்பதால் மூடியைத் திறந்தும் பயனில்லை. சிலிகா ஜெல்லைத் திறந்த தட்டில் வைத்துப் பார்த்தோம். அது பஞ்சோடு இரவு பகலாகச் சண்டை போட்டது: பஞ்சு கொடுக்க, ஜெல் குடிக்க, இரண்டு நாளில் பஞ்சு காலி. இப்போது ஜெல்லை மூடிய டப்பாவில் அடைத்து, 72-க்கு மேல் போனால் மட்டும் ஓடும் இரண்டாவது ஃபேனும், அது நின்றதும் தானே விழுந்து மூடும் ஒரு எக்ஸ்ரே ஃபிலிம் கதவும் வைத்திருக்கிறோம். ஐப்பசி இன்னும் வரவில்லை. மாமா இந்த முறை பத்தே பத்து சுருட்டுதான் கொடுத்திருக்கிறார்.