உணவு முதலில், மருந்து பிறகு

சீன வைத்தியத்தில் உணவுக்கே முதலிடம். நோயை முதலில் உணவால் தணிக்க வேண்டும், அது பலிக்காதபோதே மருந்து என்றார் 7ஆம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவ். நம் சித்த வைத்தியம் போலவே அங்கும் உணவில் சூடு, குளிர்ச்சி என்ற பிரிவு உண்டு. நமக்குச் சுவை ஆறு; துவர்ப்பைத் தனியே எண்ணாததால் அவர்களுக்கு ஐந்து. இருவருக்குமே இஞ்சி சூடு, தர்ப்பூசணி குளிர்ச்சி.

ஆகவே துவாரகாவின் ஜனவரிக் குளிருக்கு இஞ்சியும் மிளகு ரசமும், ஜூன் வெயிலுக்கு மோரும் வெள்ளரியும் ஏற்றவை.

அளவும் முக்கியம். நீராவி எஞ்சினில் தணல் மங்கியபோது நிலக்கரியை அள்ளிக் கொட்டினால் நெருப்பு அமுங்கிவிடும். வயிறும் அப்படித்தான். முன் உண்டது செரித்த பின்பே அடுத்த உணவு. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான 'மருந்து' வலியுறுத்துவதும் இதையே.

ஒன்று மட்டும்: சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை டாக்டரைக் கேளாமல் நிறுத்திவிடாதீர்கள்.