மழலையின் செவிக்கணக்கு

மும்பையின் விக்ரோலியில் வாழும் தமிழ்த் தொழிலாளர் வீட்டுக் குழந்தையின் செவியில் தமிழோடு மராத்தியும் இந்தியும் விழுகின்றன. பேச்சில், எழுத்தில் உள்ளது போல் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. சொல்லின் எல்லையைக் குழந்தை எவ்வாறு அறிகிறது?

'அம்மா வா', 'அம்மா பார்', 'அம்மா தா' என்பவற்றில் 'அம்' என்பதையடுத்து 'மா' தவறாமல் வருகிறது. 'மா'வை அடுத்து வருவதோ மாறுகிறது. அம்மாற்றமே எல்லையைக் காட்டும் குறிப்பாகும். 1996-இல் அமெரிக்க ஆய்வாளர் சாஃப்ரனும் உடன் பணியாற்றியோரும் பொருளற்ற புனைசொற்களை 8 மாதக் குழந்தைகளுக்கு 2 நிமிடம் இடைவிடாது ஒலிக்கச் செய்தனர். அதற்குள்ளாகவே குழந்தைகள் அச்சொற்களைப் பிரித்தறிந்தன.

1997-இல் வெளியான ஆய்வில், படம் வரைவதில் ஈடுபட்டிருந்த பெரியவர்களும் பின்னணியில் ஒலித்த புனைசொற்களை அறிந்துகொண்டனர். வகுப்பின்றிச் சந்தையில் மராத்தி பழகும் தொழிலாளியின் அனுபவமும் இதற்கு நெருங்கியதே.

எனினும் செவிக்கணக்கு மட்டும் போதாது. பட்ரீஷியா குல் குழுவினரின் 2003-ஆம் ஆண்டு ஆய்வில், அமெரிக்கக் குழந்தைகள் சீன மொழி ஒலிகளை நேரில் பேசியவரிடம் கற்றன; தொலைக்காட்சியிடம் கற்கவில்லை.

எனவே, வேலை முடிந்து திரும்பும் பெற்றோர் கைபேசியைக் குழந்தையிடம் கொடுத்து அமைதி காண்பது இழப்பேயாகும். மராத்தி வராது போகும் என்றஞ்சித் தமிழைக் கைவிடவும் வேண்டியதில்லை. இரு மொழிகளையும் ஏற்கும் ஆற்றல் குழந்தைக்கு உண்டு. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடிகளில், சத்துணவுக்கு ஈடாக உரையாடலும் இடம்பெறுதல் வேண்டும். குழந்தையோடு பேசுவதற்குச் செலவில்லை, நேரமே தேவை.